மாதையன் பிடித்து வைத்த மின்னஞ்சல்

கம்பத்தில் ஏறி நிற்கும் ஒரு மனிதன் மனது வைத்தால், கம்பி வழியே வரும் சினிமாச் செய்தியை மட்டும் கீழே போகவிட்டு, மின்னஞ்சலை மட்டும் கையில் பிடித்து வைத்துக்கொள்ள முடியும் என்று நான் ஒரு பகல் முழுக்க நம்பியிருக்கிறேன். அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. கம்ப்யூட்டர் படித்ததற்கான சான்றிதழ், சட்டம் போட்டுக் கடைச் சுவரில் தொங்கியது. ஊரில் யார் வீட்டுப் பெட்டி மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இத்தனையும் இருந்தும் நம்பினேன். நம்பிக்கைக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்.

போன வாரம் பட்டா நகல் எடுக்க ஒரு கணினி மையத்துக்குப் போயிருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

“சர்வர் டவுனுங்க. நாளைக்கு வாங்க.”

“எந்த சர்வருங்க?”

“சர்வருங்க.”

வரிசையில் நின்றவர்கள் கலைந்து போனார்கள். நான் போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“உக்காந்துட்டா வந்துருமாங்க?” என்றாள்.

“வரலைன்னா அப்பத்தான் நம்புவேன்” என்றேன்.

வீம்புதான். ‘சர்வர் டவுன்’ என்ற இரண்டு சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் முறுக்கிக்கொள்கிறது. அப்போது மூலையில் யாருக்கோ அட்டையை லேமினேஷன் போட்டார்கள். சூட்டில் இளகும் அந்தப் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் கம்பைநல்லூரில் என் பழைய கடைக்குள் இருந்தேன்.

கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு. வாசலை அடைத்துக்கொண்டு ஜெராக்ஸ் மிஷின், பக்கத்தில் லேமினேஷன் மிஷின், உள்ளே ஒரே ஒரு கம்ப்யூட்டர். அந்த ஒன்றுதான் கல்யாணப் பத்திரிகை அடிக்கும், திங்கட்கிழமைக் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்க மனு அடிக்கும், பரீட்சை முடிவு பார்க்கும், மெயில் அனுப்பும், ஜாதகமும் கணிக்கும். கடைப் பலகையில் இதையெல்லாம் எழுதியது போக இடம் மிச்சமிருந்ததால், பெயிண்டர் தன் விருப்பத்துக்கு ஒரு தாமரையும் வரைந்து வைத்தார்.

ஜாதகத்தில்தான் என் பெயர் பரவியது. சேலத்தில் வாங்கி வந்த ஒரு குறுந்தகடு. பிறந்த நேரத்தையும் ஊரையும் கொடுத்தால் கட்டம் கட்டமாக இருபது பக்கம் துப்பும். அடியில் ‘கணித்த நாள்’ என்று ஒரு வரியும் தானாக விழும். பக்கத்து ஊர் ஜோசியர்களைவிட என் பெட்டியைத்தான் ஜனங்கள் நம்பினார்கள். அதற்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பூங்கொடியின் அப்பா வந்தார். மஞ்சளும் கொஞ்சம் புளியமரமும் வைத்திருக்கிற மனிதர். பூங்கொடி என் கடைக்கு அடிக்கடி வருகிற பெண். வேதியியல் படித்து முடித்துவிட்டு, ஓசூர்ப் பக்கம் கம்பெனிகளுக்கு ஒன்று விடாமல் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கையில் மஞ்சள் பை, அதற்குள் ஒரு நோட்டு. பாதி நோட்டு.

“எலி தின்னுட்டுது தம்பி. சனி இருந்த கட்டத்தையே தின்னுட்டுது. நல்லதா கெட்டதா?”

“சனியவே தின்னிருக்குதுன்னா எலிக்குத்தாங்க கெட்டது.”

அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். நோட்டில் இருந்ததை அப்படியே அடித்துத் தர வேண்டும். ஆனால் கணித்த நாள் என்று இன்றைய தேதி வரக்கூடாது.

“புதுத் தேதி இருந்துச்சுன்னா, பொண்ணுக்குன்னு புதுசா ஜாதகம் பண்ணிட்டாங்கன்னு பேசுவாங்க. இந்தா, கடைசிப் பக்கத்துல ஜோசியர் போட்ட தேதி இருக்குதே, அதுவே வரட்டும்.”

இது புதிய கோரிக்கை இல்லை. எலி தின்ற வீடு, கரையான் தின்ற வீடு, கூரை ஒழுகிய வீடு என்று மாதத்துக்கு நாலு பேர் இதையே கேட்பார்கள். செய்து கொடுப்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. எலி எடுத்ததை நான் திருப்பித் தருகிறேன், அவ்வளவுதான். அவருக்கும் செய்து கொடுத்தேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்.

“நாளைக்குள்ள ஓசூரு வேலை ஆச்சுன்னா அவ போவட்டும், நான் குறுக்க நிக்கல. ஆவலைன்னா ஞாயித்துக்கெழம சேலைய கட்டிக்கிட்டு உக்காரணும். அவளும் சரின்னுட்டா.”

கடையைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். அங்கேதான் வினை. பெஞ்சில் தொலைபேசி லைன்மேன் மாதையன் உட்கார்ந்திருந்தார். பென்னாகரம் தாண்டி மேற்கே பிறந்தவர். கோபம் வந்தால் பேச்சில் கன்னடம் கலந்துவிடும். மூன்று வாரமாக என் லைனில் கொர்ரென்று ஒரு சத்தம். நடுநடுவே இணையம் அறுந்து போகும். புகார் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது நமக்கு வாய் சும்மா இருக்குமா?

“மாதையண்ணன் கம்பத்துல ஏர்றதும் நம்மூர்ல மழை பெய்யறதும் ஒண்ணுதாங்க. ரெண்டுக்கும் அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிச்சதுதான் மிச்சம்.”

பெஞ்சே குலுங்கியது. டீ ஆற்றுகிறவர்கூடச் சிரித்துவிட்டார். மாதையன் பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்தார்.

“சும்னிரு சாமி” என்றார். சும்மா இரு என்று அர்த்தம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நாளைக்குத் தெரியும்.”

மறுநாள் காலை கடையைத் திறந்து மெயிலைத் தட்டினேன். சிவப்பாக ஒரு பக்கம் வந்து விழுந்தது. இந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் கோளாறு, உள்ளே போவது உசிதமில்லை என்று இங்கிலீஷில் நாலு வரி. மறுபடி தட்டினேன். மறுபடி சிவப்பு. பேங்க் பக்கம் சிவப்பு. வேலைவாய்ப்புப் பக்கம் சிவப்பு. ஒரு யோசனைக்கு ஒரு சினிமாப் பக்கத்தைத் தட்டினால், நடிகை பளிச்சென்று வந்து சிரிக்கிறாள். கிரிக்கெட் ஸ்கோர் வருகிறது. வேடிக்கை எல்லாம் வருகிறது. வேலை எதுவும் வரவில்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மாதையன்தான்.

எப்படி என்று கேட்காதீர்கள். கம்பியில் எது போகிறது என்று அவருக்குத் தெரியும், அவர் இலாகாக்காரர், எதை விடுவது எதை நிறுத்துவது என்பதற்குக் கம்பத்து உச்சியில் ஏதோ ஒரு திருகாணி இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அந்தத் திருகாணியின் நிறம்கூட மனசில் தெரிந்தது. பச்சை.

பத்து மணிக்குப் பூங்கொடி வந்தாள். ஓசூர்க் கம்பெனியிலிருந்து போன் பண்ணியிருக்கிறார்கள். எடுத்துக்கொள்கிறோம், மெயில் அனுப்பியிருக்கிறோம், அதற்குள் ஓர் இணைப்பு இருக்கும், அதைத் திறந்து இன்று ஐந்து மணிக்குள் சம்மதம் என்று பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயர். போனிலேயே சம்மதம் சொல்கிறேன் என்றாளாம். அதெல்லாம் செல்லாது, பதிவுதான் வேண்டும் என்றார்களாம். அவளிடம் இருந்தது பட்டன் போன்.

“எங்கப்பா நேத்து வந்தாராண்ணா?”

“வந்தாரு.”

“ஜாதகம் அடிச்சாச்சா?”

“ஆச்சு.”

“அது மட்டும் ஒடனே ஆயிருமே” என்றாள்.

அடுத்த நாலரை மணி நேரம் நான் செய்த வைத்தியத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மோடத்தை அணைத்துப் போட்டேன். நூறு எண்ணிவிட்டுப் போட்டேன். ஒயர் முனையைச் சட்டையில் துடைத்தேன், வாயால் ஊதினேன். மோடம் சூடாக இருக்கிறது என்று மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, நாங்கள் இருவரும் வியர்த்துக்கொண்டு நின்றோம். மோடத்து விளக்குகளை எண்ணினேன், நாலு. மறுபடி எண்ணினேன், நாலுதான். முகவரியைப் பெரிய எழுத்தில் அடித்துப் பார்த்தேன். வைரஸ் தேடும் நிரலை ஓடவிட்டேன். அது ஒரு மணி நேரம் தேடிவிட்டு, என் கடையில் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டது. ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் ஒருவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “சர்டிபிகேட்டுல கோளாறுன்னா தாலுகா ஆபீசுக்குத்தான் போவணுமுங்களா?” என்றார். பூங்கொடி சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் இரண்டு நிமிஷம் யோசிக்கவும் செய்தேன்.

இணைய சேவைக்காரர்களின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். கால் மணி நேரம் இசை. பிறகு ஒரு குரல்.

“எங்க லைன்ல எல்லாம் சரியா இருக்குது சார். பிரச்சினை உங்க பக்கம்.”

“எங்க பக்கம் ஒரு புளியமரமும் டீக்கடையுந்தாங்க இருக்குது. அதுல எதுங்க பிரச்சினை?”

“உங்க பக்கம் செக் பண்ணுங்க சார்.”

போனை வைத்துவிட்டு, எங்கள் பக்கம் பிரச்சினை இல்லவே இல்லை என்று அந்த ஜெராக்ஸ் மிஷின் மேல் கை வைத்துச் சொன்னேன். சத்தியம்தான். உதவி எண்ணில் பேசுகிறவனுக்கெல்லாம் நாம் ஏன் தலை குனிய வேண்டும்? ஊரிலேயே படித்தவன் நான் கடையில் உட்கார்ந்திருக்க, எங்கள் பக்கமாம்.

பன்னிரண்டு மணிக்குப் பூங்கொடி எழுந்தாள்.

“நான் தருமபுரி போயி ஏதாச்சும் சென்டர்ல பாத்துக்கறன்ணா. இங்க இன்னொரு கடையும் சாத்திக் கெடக்குது.”

“உக்காரு. ஒருத்தன் கம்பத்துல ஏறி வெளயாடறான்னு நாம ஊர விட்டு ஓடறதா? இங்கயே தொறந்து காட்டறன்.”

உட்கார்ந்தாள். இரண்டரை பஸ்ஸுக்கு ஹாரன் அடித்தபோது மறுபடி எழுந்தாள்.

“அண்ணா, உங்களுக்கு நெசமாவே தெரியுமா, இல்ல சும்மா தட்டிக்கிட்டு இருக்கீங்களா?”

“இன்னும் அஞ்சே நிமிஷம்.”

அந்த ஐந்து நிமிஷத்தில் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறினால் தருமபுரியில் இறங்கும்போதே ஐந்து ஆகிவிடும். அதை அவளும் கணக்குப் போட்டாள், நானும் போட்டேன். அப்போதுதான் எனக்கு முதல்முறையாக உறைத்தது. பிடிவாதம் என்னுடையது, போகிற வேலை அவளுடையது. ஆனால் பயம் வந்தால் நான் அடங்குகிற ஜாதி இல்லை. இன்னும் சத்தம் போடுவேன்.

சத்தம் போட ஆளும் வந்து சேர்ந்தது. மூன்றரைக்குத் தோளில் ஏணி, கையில் ஒரு சுருள் ஒயரோடு மாதையன் வந்து என் கடைக்கு எதிர்க் கம்பத்தில் ஏறினார். செய்ததைச் சரிபார்க்க வந்துவிட்டார் பாருங்கள் என்று நான் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன்.

“எம்மேல கோவம்னா என்னோடத நிறுத்துங்கண்ணா. அந்தப் புள்ளயோட மெயில எதுக்குப் புடிச்சி வெச்சிருக்கீங்க?”

அவர் மேலிருந்து குனிந்து பார்த்தார்.

“எதப் புடிச்சி வெச்சிருக்கறன்? கட்டிங் பிளேயரத்தான் புடிச்சிருக்கறன்.”

“நேத்து சொன்னீங்களே, நாளைக்குத் தெரியும்னு.”

“ஆமா சொன்னன். வந்துட்டன்ல? பழைய ஒயரக் கழட்டிட்டுப் புதுசு மாத்தறன், தெரியல உனக்கு?”

“சினிமா வருது, மெயில் மட்டும் வரல. அது எப்பிடி?”

“தம்பி, கம்பியில என்ன போவுதுன்னு எனக்கு என்ன தெரியும்? கொர்ர்னு சத்தம் வந்தா நிறுத்துவன். சினிமா கேட்டா கொட்டாயிக்குப் போ.”

டீக்கடை பெஞ்சு இன்றைக்கு என்னைப் பார்த்துக் குலுங்கியது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “எழுத்துல குடுக்கறன் பாருங்க” என்று கத்திவிட்டு உள்ளே வந்தேன். மனு அடிப்பது நமக்குக் கைவந்த கலை. தேதி, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் தயாராக ஓர் அச்சு வைத்திருந்தேன். தேதிகூடத் தானாக விழும். ‘மேற்படி லைன்மேன் என்பவர் காழ்ப்புணர்ச்சி காரணமாக மின்னஞ்சலை மட்டும் தடுத்து வைத்திருப்பதால்’ என்று ஒரு முழுப் பக்கம் நெருப்பாக அடித்தேன். இடையில் ‘ஜனநாயக நாட்டில்’ என்று ஒரு வாக்கியம்கூட வந்தது. பிரிண்டர் கொடுக்க, பக்கத்தில் நின்ற பூங்கொடி தாளை உருவினாள். நாலு மணி இருபது நிமிஷம்.

அவள் மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன தேதிண்ணா இது?”

“தானா வர்றது.”

“பதினாலு ஆறு எண்பத்தொம்போதுன்னு இருக்குது. இந்தத் தேதிக்கு நான் ஆறு மாசக் கொழந்தைண்ணா.”

பிறகு மெதுவாகச் சொன்னாள். “இது எங்க ஜாதகத்துல இருக்கற தேதி.”

நான் கம்ப்யூட்டரின் மூலையைப் பார்த்தேன். அங்கே மணி மட்டும்தான் தெரியும், மணி சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சுட்டியை அதன் மேல் கொண்டுபோய் வைத்தேன். அதே தேதி எட்டிப் பார்த்தது.

விஷயம் இவ்வளவுதான். பூட்டுப் போட்ட தளம் ஒவ்வொன்றும், இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை செல்லும் என்று ஓர் அடையாளச் சீட்டு வைத்திருக்கும். மெயிலுக்கும் பேங்குக்கும் அந்தப் பூட்டு உண்டு. அந்தக் காலத்துச் சினிமாப் பக்கங்களுக்கும் கிரிக்கெட்டுக்கும் கிடையாது. என் பெட்டி அந்தச் சீட்டுகளை வாங்கிப் பார்த்து, இந்தச் சீட்டு செல்லுபடியாக இன்னும் இருபது வருஷம் இருக்கிறதே என்று காலையிலிருந்து நியாயமாக வாதாடிக்கொண்டிருந்தது. நான்தான் கேட்கவில்லை.

தேதியைத் திருப்பினேன். அவசரத்தில் முதலில் மாதத்தைத் தப்பாக வைத்தேன். பூங்கொடி என் கையிலிருந்து சுட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். மெயில் திறந்தது. இணைப்பு திறந்தது. படிவம் வந்தது. சம்மதம் என்ற கட்டத்தை அவள் தட்டியபோது நாலு நாற்பத்தொன்று. பதிவானது என்று பச்சை எழுத்தில் வந்த பிறகும் அவள் அரை நிமிஷம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எலி தின்ன மாதிரியே விட்டிருக்கலாம்ணா” என்றாள்.

அதற்குள் மாதையன் இறங்கி வந்து, மேஜை மேல் கிடந்த மனுவை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். காழ்ப்புணர்ச்சி என்ற சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு தேதியில் விரலை வைத்தார்.

“எண்பத்தொம்போதுல எனக்கு வேலையே கெடைக்கலியே தம்பி. சேர்றதுக்கு முந்தியே கம்ப்ளைண்டு குடுத்துட்டயா?”

மன்னிப்பு என்ற சொல்லை நான் அன்றைக்கும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் ஒரு வயது வர வேண்டும். டீயும் இரண்டு போண்டாவும் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். “முழு கிளாஸ் குடிக்க வுடுவியா?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தாலும் பையைத் தொட்டுக் காட்டுவார்.

பூங்கொடியின் அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமை வர இருந்தவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை அவள் ஓசூர் பஸ்ஸில் ஏறியபோது, பையைத் தூக்கிக் கொடுத்தது அவர்தான். இப்போது அந்தக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கே அவள் பொறுப்பு. வருஷத்தில் ஒருநாள், என்ன தேதியென்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்புவாள்.

கணினி மையத்து நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சர்வர் வந்தது. பட்டா நகலைக் கையில் கொடுத்தபோது அந்தப் பெண் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். வரும் வழியில் பழைய கடை இருந்த இடத்தைத் தாண்டினேன். அங்கே இப்போது செல்போன் கடை. எதிர்க் கம்பம் நிற்கிறது, கம்பி இல்லை. மோடம் இல்லை, எண்ணிப் பார்க்க நாலு விளக்கு இல்லை, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிற மாதையன் இல்லை; மூன்று வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார். ஜாதகம் போனிலேயே வருகிறது. தேதியைத் தொட இப்போது யாருக்கும் அவசியம் இல்லை. பெட்டியைத் திறந்தால் எங்கிருந்தோ தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோபித்துக்கொள்ள எதிரில் ஓர் ஆளும் இல்லை. சர்வர் என்கிறார்கள், அதற்குச் செருப்புப் போடாமல் எந்தக் கம்பத்தடிக்கு ஓடுவது?

அன்றைக்கு மாதையன் எதையும் பிடித்து வைக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு ஜாதகத்துக்காகப் பெட்டியின் தேதியை மாற்றியது நான். திருப்பி வைக்க மறந்துவிட்டு டீ குடிக்கப் போனதும் நான். உதவி எண்ணில் பேசியவன் சொன்னது சரி: பிரச்சினை எங்கள் பக்கம்தான்.